கூண்டைப் பார்த்தால் நோய் தெரியும்

1972இல் ஹவாயின் ஓவாஹூ தீவில், கனியோஹே என்ற ஊரைச் சேர்ந்த வளர்ப்புப் பிராணிக் கடைக்காரர் ஒருவர் கென்யாவிலிருந்து சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். நீண்ட பயணத்தில் அவை மெலிந்து, உடம்பில் நீர் வற்றி, துவண்டுபோய் வந்து சேர்ந்தன. விற்கும் நிலையில் அவை இல்லாததால், கொஞ்சநாள் தேறட்டும் என்று தன் வீட்டுத் தோட்டத்தில் விட்டார். அவை தேறின. தேறியதோடு நிற்காமல் வேலி தாண்டின, குட்டி போட்டுப் பெருகின, மனிதர் கைகளில் ஏறித் தீவு விட்டுத் தீவு போயின. ஹவாய்க்கே உரிய அரிய மர நத்தைகளை அவை தின்பதை, பிடிபட்டவற்றின் வயிற்றைத் திறந்து பார்த்து ஆய்வாளர்கள் உறுதிசெய்திருக்கிறார்கள்.

அயல் உயிரினத்தைக் கண்ட இடத்தில் அவிழ்த்துவிடக் கூடாது என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். பச்சோந்தி வளர்ப்போர் இதே கதையிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். துவண்டு கிடந்த அந்த விலங்குகளுக்குத் தோட்டம் என்ன கொடுத்தது? இலைகளில் சொட்டும் மழை, நேரடி வெயில், அசையும் காற்று, குளிர்ந்த இரவு, விதவிதமான பூச்சிகள், ஒளிந்துகொள்ளக் கிளைகள். வீட்டுக் கூண்டில் நோயுற்று மடியும் பச்சோந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு இவற்றில் ஏதோ ஒன்றிரண்டு கிடைக்காமல் போயிருக்கும். கிருமி அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறது.

உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உண்டு. ஏறக்குறைய பாதி மடகாஸ்கரில் வாழ்கின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுபவை மூன்று. யேமன், தென்மேற்கு சவூதி அரேபியா மலைப்பகுதிகளைச் சேர்ந்த, தலையில் உயர்ந்த கொண்டையுள்ள யேமன் பச்சோந்தி. மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களைச் சேர்ந்த பேந்தர் பச்சோந்தி. கென்யா, தான்சானியா மலைகளைச் சேர்ந்த மூன்று கொம்பு ஜாக்சன் பச்சோந்தி. கூண்டிலேயே எளிதில் இனப்பெருக்கம் செய்வதாலும் விலை குறைவு என்பதாலும் முதன்முறை வளர்ப்பவர் கைக்கு யேமன் பச்சோந்திதான் பெரும்பாலும் வருகிறது. 'இது தாங்கும்' என்று சொல்லி விற்கிறார்கள். தாங்கும் என்பது உண்மை. மெதுவாகச் சாகும் என்பதற்கும் அதுவே காரணம். தவறான வளர்ப்பைப் பல மாதம் வெளியே தெரியாமல் தாங்கிக்கொள்ளும் விலங்கு, நோய் தெரியவரும்போது கைமீறிப் போயிருக்கும்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். கிண்ணத்தில் நிறைத்து வைத்த நீரைப் பச்சோந்தி பொதுவாகத் தண்ணீர் என்று கண்டுகொள்வதே இல்லை. இலையில் அசையும், மின்னும் துளியைத்தான் அது நக்கிக் குடிக்கும். காட்டில் அதற்குக் கிடைப்பது பனித்துளியும் மூடுபனியும் மழையும். கூண்டுக்குள் பளபளக்கும் கிண்ணத்தை வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் வீட்டில், நீருக்கு நடுவிலேயே அந்த விலங்கு தாகத்தால் வாடுகிறது. அதனால் காலையும் மாலையும் இலைகளின் மேல் நுண்துளியாக நீர் தெளிக்க வேண்டும். பகலில் ஓர் இலையின் மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி ஒரு பாத்திரத்தை மேலே அமைத்து வைக்கலாம். ஒரு நிமிடம் தெளித்துவிட்டு நகர்ந்தால் போதாது. பல பச்சோந்திகள் தெளிக்கத் தொடங்கிச் சில நிமிடம் கழித்துத்தான் குடிக்கவே ஆரம்பிக்கும்.

நீர் போதுமா என்று அறிய எச்சத்தைப் பார்க்க வேண்டும். ஊர்வனவற்றின் எச்சத்தில் கரும்பழுப்பான மலத்தோடு வெள்ளையாக ஒரு பகுதி இருக்கும்; அது சிறுநீரகம் வெளியேற்றும் யூரிக் அமில உப்பு. அது வெள்ளையாக இருந்தால் நல்லது. நுனியில் லேசான மஞ்சள் இருப்பதில் பயமில்லை. முழுவதும் ஆரஞ்சு நிறமாகி, காய்ந்த கட்டியாக விழுந்தால் உடம்பு வற்றுகிறது என்று பொருள். கண் கோபுரங்கள் உள்வாங்கியிருப்பது அதற்கடுத்த கட்டம். இதை மாதக்கணக்கில் விட்டால் சிறுநீரகம் கெடும், யூரிக் அமிலம் படிகங்களாக மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படியும். கணுக்கள் வீங்கி, கிளையைப் பற்றவே வலிக்கும் அந்த நோயை மட்டுப்படுத்தலாமே தவிர, கெட்ட சிறுநீரகத்தை மீட்க முடியாது. வளர்ந்த பச்சோந்திகளைக் கொல்லும் நோய்களில் முன்வரிசையில் இருப்பது இது. தெளிப்பானுக்குச் செலவாகும் நேரத்தோடு ஒப்பிட்டால், தவிர்த்திருக்கக்கூடியவற்றிலும் இதுவே முன்வரிசை.

அடுத்தது ஒளி. இதைத்தான் விற்பவர்கள் அதிகம் மழுப்புகிறார்கள், வாங்குபவர்கள் அதிகம் மிச்சம் பிடிக்கிறார்கள். பச்சோந்தியின் தோலில் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புற ஊதா 'பி' கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் உண்ணும் கால்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்கு ஏறாது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் இயங்க வேண்டுமே என்று உடல் தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். எலும்பு ரப்பராகும். கால்கள் வில்லாக வளையும், தாடை மூடாது, முதுகு கோணும், கிளை மேல் உடம்பைத் தூக்கி நடக்க முடியாமல் வயிறு கிளையில் படும். கிளைக்குப் பதிலாகத் தன் மற்றொரு காலையே பற்றிக்கொண்டு தடுமாறும் குட்டியைப் பார்த்தால் அது விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. விரல்கள் துடிப்பது இன்னும் அவசரமான அறிகுறி.

முதல் அறிகுறி பெரும்பாலும் நாக்கில் தெரியும். உடல் நீளத்தைப் போல் இரு மடங்கு வரை பாயும் நாக்கு அது. 2016இல் பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான ஆய்வில், விரல் நீளமே உள்ள ஒரு குட்டி இனத்தின் நாக்கு புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 264 மடங்கு முடுக்கத்தோடு பாய்வது பதிவானது. அத்தகைய உறுப்பு ஒரு நாள் இலக்குக்கு முன்பே நின்றுவிட்டாலோ, பூச்சியைப் பார்த்தும் வாயை மட்டும் நீட்டிக் கவ்வ முயன்றாலோ, அதைச் சோம்பல் என்று ஒதுக்கக் கூடாது. கால்சியக் குறைவு, வைட்டமின் ஏ குறைவு, காயம் ஆகிய மூன்றில் ஒன்று அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஜன்னலோரம் வெயில் விழும் இடத்தில் கூண்டை வைத்தால் போதாதா என்று கேட்பவர் உண்டு. போதாது. சாதாரணக் கண்ணாடி புற ஊதா 'பி' கதிரைத் தடுத்துவிடும். சூடு மட்டும் உள்ளே வரும். அதற்கென்று விற்கும் நீண்ட குழல் விளக்குதான் வேண்டும். அந்தக் குழலும் கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்க, புற ஊதாக் கதிரை மட்டும் படிப்படியாக இழந்துவரும். அளவிடும் கருவி இல்லாதவர்கள் ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுவது நல்லது. விளக்கு எரிகிறதே என்ற நம்பிக்கையில் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டியவர்கள் வீட்டில்தான் வளைந்த கால்கள் அதிகம்.

இந்த ஒளியைப் பச்சோந்தி எவ்வளவு நுட்பமாகக் கையாள்கிறது என்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேந்தர் பச்சோந்திகளுக்கு உணவில் வெவ்வேறு அளவில் வைட்டமின் டி3 கொடுத்துப் பார்த்தார்கள். உணவில் குறைவாகக் கிடைத்தவை புற ஊதாக் கதிரில் அதிக நேரம் காய்ந்தன. நிறையக் கிடைத்தவை விலகி இருந்தன. உடம்பின் தேவையை அறிந்து வெயிலை அளந்து எடுக்கத் தெரிந்த விலங்கு அது. அந்தத் தெரிவை அதற்கு விட்டுவைப்பதே வளர்ப்பவரின் வேலை. கூண்டில் கதிர் படும் கிளையும் வேண்டும், கதிரே எட்டாத இலை மறைவும் வேண்டும். எங்கு திரும்பினாலும் விளக்கு என்றிருந்தால் அதுவும் கேடுதான்.

உணவுக்கும் இதோடு தொடர்பு உண்டு. தீவனமாக விற்கப்படும் சுவர்க்கோழி, கரப்பான், மாவுப்புழு எல்லாவற்றிலும் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அந்தப் பூச்சிகளுக்கு முதல் நாளே கீரை, காரட், பூசணி கொடுத்து அவற்றின் வயிற்றை நிறைத்த பிறகே பச்சோந்திக்குப் போட வேண்டும். பட்டினி கிடந்த பூச்சி வெறும் ஓடு. அதோடு கால்சியம் பொடியைத் திருநீறு பூசியதுபோல் லேசாகத் தூவ வேண்டும். வைட்டமின் கலந்த பொடியை மாதம் ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அன்பு மிகுந்து தினமும் வைட்டமின் தூவினால் டி3 தேவைக்கு மேல் சேர்ந்து கால்சியம் இரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் படியும். கழுத்தைச் சுற்றி நீர்ப்பை போல வீங்கிய பச்சோந்தி வந்தால் மருத்துவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பொடி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதுதான்.

பெண் பச்சோந்தியின் பாடு தனி. இதைப் பற்றி வாங்கும்போது எச்சரிக்கும் கடைக்காரர் அரிது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யேமன் பச்சோந்திப் பெண், ஆணைப் பார்த்தே இராவிட்டாலும் முட்டையிடும். ஆறு மாத வயதுக்குள்ளேயே சில தயாராகிவிடும். ஓர் ஈட்டில் இருபது முப்பதும் இடலாம், எண்பதும் இடலாம். எண்ணிக்கை பெரும்பாலும் வளர்ப்பவர் கையில் இருக்கிறது: அளவில்லாத தீவனமும் மிகுந்த சூடும் கிடைத்தால் சூலகம் பெருத்த ஈடுகளை உருவாக்கும், ஒவ்வொரு முட்டைக்கும் கால்சியமும் கொழுப்பும் நீரும் அவள் உடம்பிலிருந்தே போகும். அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் வளர்ந்த பெண்ணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சில பூச்சிகள் மட்டும் கொடுத்து, அவள் காயும் இடத்தின் சூட்டை ஆணுக்கு வைக்கும் 30 டிகிரி செல்சியஸ் சுமாரிலிருந்து 27, 28 அளவுக்குக் குறைத்துவிடுகிறார்கள். ஈடு சிறிதாகிறது, இடைவெளி கூடுகிறது, ஆயுள் நீள்கிறது. ஆண்கள் நல்ல பராமரிப்பில் ஆறேழு ஆண்டு வாழும் இனத்தில் பெண்கள் முன்னதாகவே போய்விடுவதற்கு இந்த இடைவிடாத முட்டைகள் முக்கியக் காரணம்.

முட்டையிட அவளுக்கு மண் வேண்டும். ஓர் அடி ஆழமுள்ள தொட்டியில், சுரங்கம் தோண்டினால் இடிந்து விழாத அளவுக்கு ஈரமான மணலை நிரப்பி, அவள் நாலைந்து மாதக் குட்டியாக இருக்கும்போதே கூண்டுக்குள் வைத்துவிட வேண்டும். நேரம் வரும்போது உணவைக் குறைத்துக்கொண்டு, கீழே இறங்கி அங்குமிங்கும் அலைவாள். பிறகு தலைகீழாக மண்ணுக்குள் போய்த் தோண்டுவாள். அப்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று உணர்ந்தால் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவாள், முட்டை உள்ளேயே தங்கிவிடும். கூண்டின் கீழ்ப்பகுதியைத் துணியால் மறைத்துவிட்டு ஒதுங்கியிருப்பதுதான் அந்த நேரத்தில் செய்யக்கூடிய பெரிய உதவி. தோண்டித் தோண்டியும் இடாமல் சோர்ந்து, பகலில் கண்ணை மூடி அடியில் படுத்துவிட்டால் மணிக்கணக்கில்தான் அவகாசம். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, கால்சியமும் நீரும் ஏற்றி, தேவையானால் ஊசியாலோ அறுவை சிகிச்சையாலோ முட்டைகளை எடுக்க வேண்டியிருக்கும். நாளை பார்க்கலாம் என்று விட்டவர்கள் பலருக்கு மறுநாள் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

மூச்சுத் தொற்று வேறு வகை. குளிரும் ஈரமும் தேங்கிய காற்றும் ஒன்றுசேரும் இடத்தில் அது பிறக்கிறது. மீன்தொட்டி போன்ற கண்ணாடிப் பெட்டியில், மூடிவைத்து, நாள் முழுக்க நீர் தெளித்தால் நுரையீரலில் கிருமி பெருகும். நாலுபுறமும் வலையடித்த, அகலம் ஆழம் இரண்டடி, உயரம் நாலடி உள்ள கூண்டு வளர்ந்த ஆணுக்கு வேண்டும். தெளித்த நீர் சில மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும். மூக்கை வானத்தை நோக்கித் தூக்கிவைத்து, வாயைத் திறந்து, மூச்சு விடும்போது சிறு வெடிப்புச் சத்தம் கேட்டால் அது தொற்று. விளக்கடியில் காயும்போது மட்டும் வாயைத் திறந்தால் அது சூடு தாங்காமல். விளக்கை உயர்த்தினால் சரியாகும். சூடு விளக்கு எப்போதும் கூண்டுக்கு வெளியே இருக்க வேண்டும். தோல் கருகும்வரை விலகாமல் விளக்கைத் தொட்டுக்கொண்டே நிற்கும் பச்சோந்திகள் உண்டு. யேமன் பச்சோந்தியின் கொண்டையில் முதலில் காயம் படுவது அதனால்தான்.

காட்டிலிருந்து பிடித்துவரப்படுபவை தம் ஒட்டுண்ணிகளையும் கொண்டுவருகின்றன. மடகாஸ்கர் பச்சோந்திகளின் தோலுக்கடியில் நூல்போல நெளியும் புழுக்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொசுக்கள் வழியே பரவுபவை அவை. காட்டில் ஒட்டுண்ணியோடு ஒத்துப்போய் வாழ்ந்த உடம்பு, பயணத்தின் பட்டினியிலும் அச்சத்திலும் அந்தச் சமநிலையை இழந்துவிடுகிறது. 1990களின் முதல் பாதியில் மடகாஸ்கரிலிருந்து ஏற்றுமதி கட்டுக்கடங்காமல் போனது; 1995இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் அந்நாட்டின் நான்கு இனங்களைத் தவிர மற்றப் பெரிய பச்சோந்திகளின் வணிகம் நிறுத்தப்பட்டது. கூண்டில் பிறந்ததையே வாங்க வேண்டும் என்பதற்கு அறமும் காரணம், மருத்துவமும் காரணம். அப்படி வாங்கினாலும் புதிய எச்சத்தை நுண்ணோக்கியில் சோதித்துவிடுவது நல்லது.

இத்தனைக்கும் நடுவில் அந்த விலங்கு தன் நோயை மறைக்கும். கிளையில் தள்ளாடுவது தெரிந்தால் பருந்தும் பாம்பும் வரும் உலகில் உருவான பழக்கம் அது. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்புவோர் நிறத்தைத் தவறாகப் படிக்கிறார்கள். பேந்தர் பச்சோந்தி தோல் உயிரணுக்களில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து நிறம் மாற்றுவதை 2015இல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த மாற்றம் எதிரி ஆணையும் பெண்ணையும் பார்த்துப் பேசும் பேச்சு. வெப்பத்தை வாங்கவும் தள்ளவும் உதவும் வழி. மனிதக் கை நெருங்கும்போது ஜொலிக்கும் நிறங்களை மகிழ்ச்சி என்று நினைத்துக் காணொளி எடுப்பவர்கள், அச்சத்தைத்தான் படம்பிடிக்கிறார்கள். நாள் முழுக்கக் கருத்தே இருப்பது குளிராலோ மன அழுத்தத்தாலோ இருக்கலாம். இரவில் வெளிறிச் சாம்பலாகத் தூங்குவது இயல்பு. பகலில் கண்ணை மூடுவது மட்டும் எந்த விளக்கத்தாலும் இயல்பாகாது. ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் கண்ணயர்வதில்லை.

எனவே கவனிப்பை எழுதிவைப்பது அவசியம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை, என்ன தின்றது, எச்சத்தின் நிறம், கடைசியாகத் தோல் உரித்த நாள். இரண்டு மூன்று வாரம் எடை இறங்கிக்கொண்டே போவதுதான் பல நோய்கள் தரும் முதல் செய்தி. தராசுக்காகத் தவிர, அதைத் தூக்கிக் கொஞ்சுவதும் தோளில் வைத்து விருந்தினருக்குக் காட்டுவதும் வேண்டாம். ஒரே கூண்டில் இரண்டை வைப்பதும் வேண்டாம். தின்பது ஒன்றாகவும் மெலிவது மற்றொன்றாகவும் ஆகிவிடும். கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரியாகக் கண்டு நாளெல்லாம் உடம்பைப் புடைத்துக்கொண்டிருக்கும் ஆண்களும் உண்டு.

தமிழ்நாட்டு வாசகர் இதைப் படித்துவிட்டு வேலியோரத்தில் பார்த்த பச்சோந்தியை நினைத்தால், அது முற்றிலும் வேறு விஷயம். நம் புதர்க்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழும் இந்தியப் பச்சோந்தி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகிறது. பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். அதற்கு விஷமும் இல்லை. சாலையைக் கடப்பதைக் கண்டால் அது போகும் திசையிலேயே ஓரமாக ஒரு செடியில் ஏற்றிவிட்டால் போதும். அயல்நாட்டு இனங்களும் சட்டத்துக்கு வெளியே இல்லை. சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்போர் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் அடைத்துக் கடத்தப்படும் ஊர்வன சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அப்படி வரும் உயிர், கனியோஹேவுக்கு வந்தவற்றைவிட நல்ல நிலையில் இருக்க வழியில்லை. ஆவணம் இல்லாத பச்சோந்தியை ஆசைப்பட்டு வாங்குவது அந்தப் பெட்டிக்குக் கொடுக்கும் காசு.

முறைப்படி வைத்திருப்பவர்களுக்கும் ஊர்வன மருத்துவம் தெரிந்தவர் பக்கத்தில் கிடைப்பது கடினம். அதனால்தான் மருந்துக் கடையில் கேட்டு ஊசி போடும் துணிச்சல் பிறக்கிறது. நீர் வற்றிய உடம்பில் ஜென்டாமைசின் போன்ற மருந்துகளைக் கணக்கில்லாமல் செலுத்தினால் தொற்று போகும் முன் சிறுநீரகம் போய்விடும். பச்சோந்தியை வாங்கும் முன்பே மருத்துவரைத் தேடிவைப்பதும், ஒரு மாதம் முன்பே கூண்டை அமைத்து, மணி பிளாண்ட்டும் செம்பருத்தியும் நட்டு, சூட்டையும் ஈரத்தையும் அளந்து பழகுவதும் நியாயமான வரிசை. இதைச் சட்டமாகவே ஆக்கலாம்: ஒளிக்குழலும் கூண்டும் தயார் என்று காட்டாதவருக்குப் பச்சோந்தி விற்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது, உள்ளே ஒரு கிளை கட்டிய, காற்றுத் துளையுள்ள, இருட்டான பெட்டியில் எடுத்துச்செல்ல வேண்டும். கூடவே அன்றைய எச்சம், எடைக் குறிப்பு, பயன்படுத்தும் பொடிகளின் டப்பாக்கள், ஒளிக்குழலின் பெயரும் வாங்கிய மாதமும், காயும் கிளையில் பகலிலும் இரவிலும் அளந்த வெப்பநிலை, கூண்டை முன்னாலிருந்தும் மேலிருந்தும் எடுத்த படங்கள். விவரம் தெரிந்த மருத்துவர் பச்சோந்தியைத் தொடும் முன் அந்தப் படங்களைத்தான் கேட்டு வாங்குவார்.